யாருக்கு வலது?

துவாலைக் கம்பி கையோடு கழன்று வந்த நாளிலிருந்து இன்றோடு பதினோரு வாரம்.

அந்தக் கம்பியைச் சுவரில் மாட்டியவர் கண்டக்டர். வழுக்கிய நேரத்தில் அதை எட்டிப் பிடித்தவள் அவர் மனைவி. கம்பிக்குப் பின்னால் இருந்தது இரண்டு குட்டி ஸ்க்ரூ, இரண்டு பிளாஸ்டிக் அடைப்பான், ஒரு பிடி சுண்ணாம்புத் தூள். அவ்வளவுதான். இடது இடுப்பெலும்பு போயிற்று. இடது மணிக்கட்டும் போயிற்று. ஆபரேஷன், ஆஸ்பத்திரி, அப்புறம் நடை பழக்கும் விடுதி என்று எல்லாம் முடிந்து, இன்றைக்குத்தான் வீட்டுக்கு வருகிறாள்.

வருவாள். தங்குவாளா என்பதுதான் கேள்வி.

சாயங்காலம் ஐந்து மணிக்கு விடுதியிலிருந்து நர்சம்மா படிவத்தோடு வருவார். யார் கையும் தன்மேல் படாமல் அவள் குளியலறைக்குள் போய், உட்கார்ந்து, எழுந்து, வெளியே வர வேண்டும். வந்துவிட்டால் கையெழுத்து. வராவிட்டால் நாளைக் காலை பெரியவன் காரோடு வந்து அம்மாவை அழைத்துப் போய்விடுவான். அது வேறு ஊர், பதினாலாவது மாடி. "இடம் ஒரு ஆளுக்குத்தான்பா இருக்கு" என்று போன வாரமே போனில் இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டான். அந்த ஒரு ஆள் கண்டக்டர் இல்லை என்பதை விளக்கத் தேவையிருக்கவில்லை.

நாற்பத்தோரு வருஷக் குடித்தனம். ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபிட்டர் காலையில் ஒன்பதுக்கே வந்துவிட்டார். தெருவில் எல்லோருக்கும் அவர் ட்ரில்லு. நிஜப் பெயர் ஞாபகமிருப்பவர்கள் அவர் வீட்டில் மட்டும்தான். வந்ததும் குளியலறை ஜன்னலில் கிடந்த ஒரு சாமானை எடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ரப்பர் கிண்ணம் வைத்த வெள்ளைக் கைப்பிடி.

"இது யார் வாங்கினது?"

"என் பொண்ணு. ஓட்டையே போட வேணாம், அமுக்கினா ஒட்டிக்கும்னு சொல்லிச்சு."

ட்ரில்லு அதைச் சுவரில் அமுக்கினார். ஒட்டியது. ஒரு விரலைக் கொடுத்துச் சரேலென்று இழுத்தார். 'ப்ளக்' என்று கையோடு வந்தது.

"சுவருக்கு முத்தம் குடுக்கத்தான் சார் இது லாயக்கு. ஆளைத் தாங்காது."

கண்டக்டருக்கு அந்த 'ப்ளக்' சத்தம் பிடிக்கவில்லை. பதினோரு வாரமாகக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிற இன்னொரு சத்தத்துக்கு அது சொந்தக்காரன் மாதிரி இருந்தது.

ட்ரில்லு பையிலிருந்து நிஜக் கம்பியை எடுத்தார். கனமான எஃகு. ஈரக் கைக்கு வழுக்காமல் இருக்க மேலெல்லாம் சொரசொரப்பு. "எந்தப் பக்கம் சார்?"

"வலது. டாக்டரம்மா மூணு தடவை சொல்லிட்டாங்க. இடது மணிக்கட்டுல தகடு வச்சிருக்கு, இன்னும் ரெண்டு மாசத்துக்கு அதுல துளி எடையும் போகக் கூடாதாம். எழுந்திருக்கிறது, உக்கார்றது எல்லாம் வலது கையாலதான்." கண்டக்டர் வாசலில் இடது கையால் நிலையைப் பிடித்து நின்று, கம்மோடைப் பார்த்தபடி வலது கையை நீட்டிக் காட்டினார். "இதோ, இந்தச் சுவர்."

"நல்ல பக்கம். செங்கல் சுவரு, யானையே கட்டலாம். அந்தப் பக்கம்னா தகராறு. பலகைத் தடுப்பு. ஜிப்சம் பலகை, உள்ள வெறும் மாவு. அதுல காலண்டர் மாட்டலாம், கம்பி மாட்டக் கூடாது."

ஒரு மணி நேரம் வீடே அதிர்ந்தது. கடைசியில் ட்ரில்லு கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கித் தொங்கினார். கம்பி அசையவில்லை.

"கழலாதே?"

"எண்பத்திரெண்டு கிலோ சார் நான்."

"கழலாதில்ல?"

ட்ரில்லு அவர் முகத்தைப் பார்த்தார். தெருவுக்கே தெரிந்த கதைதானே. இன்னொரு தடவை தொங்கிக் காட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்கு டாக்சி வந்தது.

முதலில் இறங்கியது மகள். கூரியர் ஆபீஸில் வண்டிகளை அனுப்பும் வேலை. இறங்கும்போதே டிரைவரை, கதவை, குடையை எல்லாம் ஒரே மூச்சில் அதட்டினாள். அடுத்து, இடது முழங்கையை ஊன்ற மெத்தைத் தட்டு வைத்த நாலு கால் வாக்கர் இறங்கியது. அதற்குப் பின்னால், இளைத்துப்போய், தலை வாரி, இடது கையில் பட்டையோடு, அவள்.

"வா கத்திரி" என்றார் கண்டக்டர்.

ஜவுளிப் பட்டறையில் முப்பது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவள். அவள் சாக்குக்கட்டியால் கோடு போட்டால் அந்தக் கோட்டில் ஊரே சட்டை போட்டது. கத்திரி என்பது கல்யாணத்துக்கு முன்னாலேயே கண்டக்டர் வைத்த பெயர்.

"என்னங்க இப்பிடி எலும்பா நிக்கிறீங்க? ஆஸ்பத்திரியில படுத்தது நானா, நீங்களா?" என்றாள். "காபி அப்புறம். மொதல்ல கம்பியக் காட்டுங்க."

வாக்கர் டக், டக் என்று கூடத்தைக் கடந்து குளியலறை வாசலில் நின்றது. கண்டக்டர் விளக்கைப் போட்டார். கம்பி பளபளத்தது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி அவர் பக்கத்தில் நின்றார்.

கத்திரி பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி மகள் எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க. இது யாருக்கு வலது?"

"என்ன கேள்வி இது? வலதுன்னா வலது."

"உங்களுக்கா, எனக்கா?"

பதில் வருவதற்குள் அவள் வாக்கரோடு மெல்லத் திரும்பி, மகள் தோளைப் பிடித்து, மூடிய கம்மோடின் மேல் உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள். எதிரே பலகைத் தடுப்புதான் இருந்தது. யானை கட்டும் செங்கல் சுவரும் எண்பத்திரெண்டு கிலோ தாங்கிய கம்பியும் அவளுடைய இடது பக்கத்தில், பட்டை போட்ட கைக்கு நேராக இருந்தன.

"அப்பா!" என்றாள் மகள்.

கண்டக்டர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இது இன்று நேற்று வந்த தகராறு இல்லை. முப்பத்திநாலு வருஷம் ஓடுகிற பஸ்ஸில், உட்கார்ந்திருக்கும் ஜனங்களைப் பார்த்து நின்றவர் அவர். 'வலது பக்கம் நகருங்க' என்றால் அவருடைய வலது. அவளுக்கோ வலது என்றால் எப்போதும் சட்டை போட்டுக்கொள்கிறவரின் வலது. எதிரே நின்று பார்க்கிறவனின் வலதுக்குத் தையலில் மரியாதை கிடையாது. பீரோவில் வலது கதவு, மேசையில் வலது இழுப்பறை, பள்ளிக்கூட போட்டோவில் வலமிருந்து மூன்றாவது குழந்தை என்று இந்த வீட்டில் நாற்பத்தோரு வருஷமாக இரண்டு வலதுகள் குடியிருந்தன.

முதல் சந்திப்பே அப்படித்தான். ஒரு மழை நாள். தலைக்கு மேல் துணிக் கட்டு, அக்குளில் காகிதம் சுற்றிய பெரிய கத்திரிக்கோல், பிடிக்கக் கை இல்லாமல் ஒரு பெண் பஸ்ஸில் ஆடிக்கொண்டிருந்தாள். "வலது பக்கம் சீட் காலி, உக்காருங்கம்மா!" என்று இவர் கத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். அது ஒரு பெரியவரின் மடி. பஸ்ஸே சிரித்தது. இறங்கும்போது அவள் திரும்பி, "கண்டக்டரே, டிக்கெட்டையாவது சரியான பக்கம் கிழிப்பீங்களா?" என்றாள். அன்றைக்கு மிச்ச ரூட் முழுக்க அவர் ஒரு ஸ்டாப்பின் பெயரையும் சரியாகச் சொல்லவில்லை.

அப்போது அது சிரிப்பு. இன்றைக்கு மணி இரண்டேகால்.

"அந்த அண்ணனுக்குப் போனைப் போடுங்க" என்றாள் மகள். அவளே போட்டாள். ட்ரில்லு வேறெங்கோ ஏணி மேல் இருந்தார்.

"பலகையில மாட்ட மாட்டேம்மா. நல்லவேளை கேட்டீங்க, கேக்காம வேற யாரையாவது விட்டு மாட்டியிருந்தா மறுபடி ஆஸ்பத்திரிதான். உள்ள நிமித்தி வச்ச கட்டை எங்கெங்க நிக்குதுன்னு தெரிஞ்சா வரேன். கட்டையில போல்ட்டு போட்டா நிக்கும். தடுப்பு வச்சது யாரு?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். தடுப்பு வைத்ததும் அவர்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், பெரிய குளியலறையை இரண்டாக்கி, அந்தப் பக்கம் கத்திரிக்கு ஒரு வெட்டும் அறை பண்ணிக் கொடுத்தார். கட்டைகளை எங்கெங்கே நிறுத்தினார் என்று கேட்டால்?

"நாலு கட்டை" என்றார். "இல்ல, அஞ்சு."

"எங்கப்பா?"

"சுவத்துக்குள்ளதான்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "விட்டா நாளைக்கு அண்ணன் வந்து அம்மாவ மூட்டை கட்டிட்டுப் போயிடுவான். நீங்க உக்காந்து கட்டைய எண்ணிட்டு இருங்க."

"அவரத் திட்டாதடி" என்றாள் கத்திரி. "என்னை அந்த அறைக்குக் கூட்டிட்டுப் போ."

வெட்டும் அறையைப் பதினோரு வாரமாக யாரும் திறக்கவில்லை. கதவைத் தள்ளியதும் புதுத்துணி வாசனையும் சாக்குக்கட்டி வாசனையும் வந்தன. நடுவில் நீள மேசை. தடுப்புச் சுவர் முழுக்க ஆணிகள். ஆணிகளில் பழுப்புத் தாளில் வெட்டிய அளவுகள், நூலில் கோத்து, கட்டுக் கட்டாகத் தொங்கின.

கத்திரி நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் காட்டினாள். "லேசா ஒத்தைத் தாள் தொங்குற ஆணியெல்லாம் பலகையில அடிச்சது. கனத்த கட்டு தொங்குது பாருங்க, அந்த ஆணியெல்லாம் கட்டையில. மொதல் வருஷமே ரெண்டு கட்டு பலகையப் பிச்சுக்கிட்டு விழுந்துச்சு. அதுக்கப்புறம் தட்டிப் பாத்து, கெட்டியாக் கேட்ட எடத்துலதான் கனத்த மாட்டினேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கட்டின சுவரு. குறை சொன்னா மூஞ்சி சுருங்கும்."

கண்டக்டர் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு கட்டாக இறக்கினார். மகளின் முதல் பள்ளிச் சீருடை, உள்ளங்கை அகலத் தோள். அடுத்த வருஷத் தோள். அதற்கடுத்தது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு தாளில் ஒரு பெண் வளர்ந்திருந்தாள். பெரியவனின் கட்டில், ஏழாவது தாளுக்கும் எட்டாவது தாளுக்கும் நடுவில் கை ஒரு சாண் நீண்டிருந்தது. அந்தக் கோடையில் அவன் கதவு நிலையில் இடித்துக்கொண்டே திரிந்தது கண்டக்டருக்கு ஞாபகம் வந்தது.

கடைசி ஆணியில் அவருடையது. கம்பெனி கொடுத்த சீருடை இரண்டு ஆள் நுழைகிற அளவில் இருக்கும். பிரித்து வெட்டித் தைத்துக் கொடுப்பாள். தாளின் ஒரு மூலையில் அவள் கையெழுத்து: 'வலது'. அதன் கீழே சின்னதாக: 'சட்டைக்கு. உங்களுக்கு இல்லை.'

அவர் அதை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல் மேசைமேல் தனியாக விரித்து வைத்தார்.

"அப்பா, மணி மூணேகால்" என்றாள் மகள். இந்தத் தடவை அதட்டவில்லை.

ட்ரில்லு வந்தார். கனத்த ஆணி இருந்த இடங்களில் விரல் முட்டியால் தட்டினார். மற்ற இடங்களில் 'டொம் டொம்' என்ற சுவர் அங்கே மட்டும் 'டொக்' என்றது. ஊசி மாதிரி ஒரு ஓட்டை போட்டு, ட்ரில் முனையை விளக்கில் காட்டினார். வெள்ளைத் தூள் இல்லை. மரச்சுருள்.

"கட்டைதான். அம்மா, உங்களை என் கூட வேலைக்கு வச்சுக்கலாம் போலிருக்கே."

"கூலி கட்டுப்படியாகாதுப்பா."

"ஆனா கம்பியோட ரெண்டு முனையும் கட்டைக்கு நேரா வராது. இந்தப் பக்கம் ஒரு தடிப் பலகைய ரெண்டு கட்டைக்கும் குறுக்க போட்டு இறுக்கணும். அந்தப் பக்கத்துலேருந்து போல்ட்டு இதுக்குள்ள வந்து உக்காரணும். பலகைக்கு இப்ப கடைக்கு ஓடினா..."

"மேசைக்குக் கீழ் தட்டு" என்றாள் கத்திரி. "ஒன்றரை அங்குலத் தேக்கு. கழட்டு."

பலகை ஏறியது. ட்ரில்லு குளியலறைக்குள் போய், காலையில் போட்ட கம்பியின் உயரத்துக்கே இந்தப் பக்கமும் பென்சில் வைத்தார்.

"நில்லு, நில்லு! அளவு எடுத்தியா?"

"அந்தப் பக்கத்து அளவுதாம்மா."

"அது யாரை உக்கார வச்சு எடுத்தது?"

ட்ரில்லு கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் கூரையைப் பார்த்தார்.

கத்திரி மறுபடி கம்மோடில் உட்கார்ந்தாள். முழங்கையை மடக்கினாள். மகள் டேப்பைப் பிடிக்க, கத்திரி சாக்குக்கட்டியால் தடுப்பில் ஒரு கோடு இழுத்தாள். கோடு நேராக விழுந்தது. "முழங்கைக்கு நேரா வேணும். இன்னும் ஒண்ணு. எழுந்திருக்கிற ஆள் நேரா மேல போறதில்ல, மொதல்ல முன்னால சாயணும். விடுதியில அதைத்தான் தினம் நூறு தடவை சொன்னாங்க. அதனால கம்பி எனக்குப் பின்னால தொங்கக் கூடாது. முழங்காலைத் தாண்டி, இது வரைக்கும் வரணும்." இன்னொரு கோடு.

"சட்டைக் கழுத்து வெட்டுற மாதிரி இருக்கே" என்றார் ட்ரில்லு.

"கழுத்து தப்பினா சட்டைதாம்பா போகும்."

நாலு நாற்பதுக்குக் கடைசி போல்ட் இறுகியது. ஓட்டைகளில் தண்ணீர் இறங்காமல் பசை வைத்தாயிற்று. ட்ரில்லு காலை மடக்கித் தொங்கினார். தடுப்பு முனகவில்லை. வெட்டும் அறையில் நின்று பலகையில் காதை வைத்திருந்த மகள், "ஒரு சத்தமும் இல்லண்ணே!" என்று கத்தினாள்.

வாசலில் மணி அடித்தது. நர்சம்மா பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்.

அதிகம் பேசாத பெண். செருப்பைக் கழற்றினார், படிவத்தை அட்டையில் செருகினார், குளியலறைத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். கால்மிதியைச் சுருட்டி வெளியே எறிந்தார். இரண்டு கம்பிகளையும் பார்த்தார்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு சட்டைக்கு" என்றார் கண்டக்டர். நர்சம்மா சிரிக்கவில்லை. விசாரிக்கவும் இல்லை.

"அம்மா, போங்க. யாரும் தொடக் கூடாது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன், தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்க."

வாக்கர் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

கண்டக்டர் நிலைக்கு எதிரே நின்றார். முதலில் வாக்கர் திரும்பும் சத்தம். பிறகு துணி உரசல். பிறகு ஒன்றுமில்லை. இந்த ஒன்றுமில்லாததை அவர் பதினோரு வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார். மகள் நகத்தைக் கடித்தாள். ட்ரில்லு பையைத் தோளில் மாட்டியும் போகாமல் நின்றார்.

உள்ளே நீளமாக ஒரு மூச்சு. எஃகின் மேல் மோதிரம் 'டிங்' என்று தட்டியது. வலது கையில் மோதிரம் போடுகிறவள் அவள். இன்னொரு மூச்சு, பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்புறம் தண்ணீர் கொட்டும் சத்தம். குழாய். டக், டக்.

கதவு திறந்தது. கத்திரி நின்றுகொண்டிருந்தாள். நெற்றி முழுக்க வியர்வை. கல்யாண போட்டோவில்கூட அவள் இப்படிச் சிரித்ததில்லை.

"உக்காந்தேன். எழுந்தேன். கையும் கழுவினேன்."

மகள் அழுதுகொண்டே போனை எடுத்தாள். "அண்ணா, கார் எடுக்காதே. ஆமா. ஆமாடா, தானாவே!"

நர்சம்மா படிவத்தில் டிக் அடித்தார். போதல், டிக். உட்கார்தல், டிக். எழுதல், டிக். பேனா நாலாவது வரியில் நின்றது.

"இன்னும் ஒண்ணு பாக்கி. வீட்டுல துணைக்கு இருக்கிறவர். நீங்கதானே சார்?"

"நானேதான். வேற யாரு?"

"அவங்க தடுமாறினா நீங்கதான் தாங்கணும்." நர்சம்மா இப்போது படிவத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தார். "நிலையிலேருந்து கையை எடுங்க."

அப்போதுதான் கண்டக்டர் கவனித்தார். இரண்டு கைகளும் கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தன. வலது கையைச் சட்டென்று எடுத்துச் சட்டைப்பையில் விட்டார். சிரித்தார்.

"அதையும் எடுங்க சார்."

இடது கை வரவில்லை. எடுத்தால் கால் நிற்காது என்று அந்தக் கைக்குத் தெரியும். கண்டக்டருக்கும் தெரியும். கத்திரி வீட்டுக்கு வரட்டும், அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று இருந்தார்.

"விளையாடாதீங்கப்பா" என்றாள் மகள். அப்புறம்தான் அவர் கால்களைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

கேட்டது நர்சம்மா இல்லை. வாக்கரைப் பிடித்தபடி, அவர் முழங்காலையே அளவெடுத்துக்கொண்டு நின்றாள் கத்திரி.